புதுப்பிப்பு: நானே கோத்த பட்டப்படிப்பு

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பையன் நான். தண்ணீர், தமிழ், அரசியல் மூன்றையும் ஒரே பட்டத்தில் படிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது!

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் மேஜரையே (முதன்மைப் பாடம்) மாணவர் வகுத்து, பேராசிரியர் ஒப்புதல் வாங்கிப் படிக்கலாம். இங்கே அந்த அளவுக்கு இல்லை. ஆனால் 2024இல் கேரளத்தில் தொடங்கிய நான்காண்டுப் பட்டத்தில் ஒரு மேஜரோடு வேறு துறை மைனர்களை (துணைப் பாடங்கள்) சேர்க்கலாம். எனக்குத் தண்ணீருக்காகப் புவியியல் மேஜர்; தமிழும் அரசியல் அறிவியலும் மைனர்.

மூன்றும் சேரப்போவது நாலாம் வருட ஆய்வில்தான். தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பகிரும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையோர மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு வருடம் 7.25 டி.எம்.சி. வர வேண்டும். அந்தத் தண்ணீரை நம்பும் கிழக்குச் சித்தூர் விவசாயிகள் பலர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்கள் சொல்வதைத் தமிழிலேயே பதிவு செய்ய ஆசை. வழிகாட்ட ஒரு பேராசிரியர் சம்மதித்துவிட்டார். அப்புறம், தமிழ் மைனரை விடாதே என்ற அக்காவுக்குத் தனி நன்றி.