டைப் 3 ஃபாஸ்ட்பேக்: ரிட்டர்ன் குழாயை என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 1970 மாடல் ஃபோக்ஸ்வேகன் டைப் 3 ஃபாஸ்ட்பேக் இருக்கிறது. பாஷ் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷனோடு (மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) வந்த வண்டி. முன்பு வைத்திருந்தவர் அதைக் கழற்றிவிட்டு இரட்டை கார்புரேட்டர் மாட்டியிருக்கிறார்; பெட்ரோல் குழாய்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

முன்னால் இருக்கும் டேங்கிலிருந்து பின்னால் இன்ஜின் வரை இரண்டு இரும்புக் குழாய்கள். ஒன்றில் பெட்ரோல் வரும், மற்றதில் மிச்சம் திரும்பிப் போகும். திரும்பும் குழாயின் ஹோஸில் ஒரு போல்ட்டைச் செருகி கிளாம்ப் போட்டிருக்கிறது. அந்த ரப்பரை லேசாக வளைத்துப் பார்த்தேன், சுற்றிலும் வெடிப்பு, விரலில் பெட்ரோல் ஈரம். சூடாகும் இன்ஜினுக்கு ஒரு சாண் தூரத்தில்! அன்றிலிருந்து வண்டியை எடுக்கவே இல்லை.

இன்ஜெக்‌ஷன் பம்ப் சுமார் 2 பார் அழுத்தம் தரும். கார்புரேட்டருக்கு 0.2 பார் போதும். மிஞ்சினால் பெட்ரோல் அதன் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு வழியும். அதனால் குறைந்த அழுத்த பம்ப் வாங்கிவிட்டேன், டேங்குக்குக் கீழேயே பொருத்தப் போகிறேன். ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுகிறேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். திரும்பும் குழாயை டேங்க் பக்கமே அடைத்துவிடலாமா? அல்லது ரிட்டர்ன் உள்ள ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, மிஞ்சிய பெட்ரோலைத் திருப்பி அனுப்பும் கருவி) போட்டு அந்தக் குழாயையும் பயன்படுத்தினால், வெயில் நேரத்தில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது குறையுமா? இதே வண்டியில் செய்தவர்கள் குழாய் போகும் வழியைப் படமெடுத்துப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.