சைவ உணவில் ஹீமோகுளோபின் ஏற வழி சொல்லுங்கள்

சகோதரிகளே, எனக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. முட்டைகூடத் தொடாத சைவம். சென்ற வாரம் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாதாம். நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். கால்சியம் மாத்திரையை அதனுடன் சேர்க்காமல் இரவுக்கு மாற்றிவிட்டேன். சாப்பிட்டதும் காபி குடிப்பதையும் நிறுத்திவிட்டேன்; அதுதான் பெரும்பாடு.

முருங்கைக்கீரை வதங்கும் வாசனை எழுந்தாலே குமட்டுகிறது. அம்மா அதைக் கேழ்வரகு அடையில் பொடியாக நறுக்கிப் போட்டுத் தந்தார், அதுவும் இறங்கவில்லை. கொள்ளு, காராமணியை எலுமிச்சை பிழிந்து வாய்க்குப் பிடிக்கும்படி எப்படிச் செய்தீர்கள்? எள் சூடு என்று மாமியார் தடுக்கிறார், நீங்கள் சாப்பிட்டீர்களா? மாத்திரையால் வரும் மலச்சிக்கலுக்கும் வழி சொல்லுங்கள். பிள்ளையை நினைத்தால் கவலையாக இருக்கிறது.