ஆடித் திருவிழா விருந்தில் சர்க்கரை உள்ள மாமியாருக்கு என்ன வைக்கலாம்?

அம்மாபேட்டை மருமகள்:
கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் எல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடும். அத்தைக்குச் சர்க்கரை. "சேலத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசிப் பாயசம் இல்லாமலா?" என்கிறார். வெல்லம் போட்டால் பரவாயில்லையா?

செவ்வாய்ப்பேட்டை:
வெல்லமும் சர்க்கரைதான், ஏமாறாதீர்கள். ஜவ்வரிசியோ மரவள்ளிக்கிழங்கு மாவு. நார்ச்சத்து கிட்டத்தட்ட கிடையாது, சீக்கிரம் செரித்து ரத்தத்தில் ஏறிவிடும். கேட்டால் அரை டம்ளர் கொடுங்கள், சாப்பாட்டுக்கு அப்புறம். எங்கள் வீட்டில் இலை போட்டதும் பீன்ஸ் பொரியலும் கொண்டைக்கடலைச் சுண்டலும்தான் முதலில் வரும். சோறு வேண்டுமென்றே தாமதம். "அடுப்பில் இருக்குப்பா" என்று சொல்லிச் சமாளிப்பேன். அதற்குள் அப்பா சுண்டலைக் காலி செய்துவிடுவார். ரெண்டாம் முறை சோறு கேட்பதில்லை.

ஏற்காடு அடிவாரம்:
பாயசம் உண்டென்றால் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள். இன்னொன்று, மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரைப் பூஜை முடியட்டும் என்று பட்டினி போடாதீர்கள். சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

அம்மாபேட்டை மருமகள்:
சரி, அரை டம்ளர் என்று சொல்லிவிட்டேன். "எந்த டம்ளர்?" என்று கேட்கிறார்.