இரண்டு தொட்டிகள் வைத்தும் குப்பை கலந்தே சேர்கிறது: மாணவர்களைப் பழக்குவது எப்படி?

கேள்வி (ஆறாம் வகுப்பு ஆசிரியர்):
வணக்கம். எங்கள் வகுப்பறைகளில் மக்கும் குப்பைக்கு ஒன்றும் மக்காத குப்பைக்கு ஒன்றுமாகத் தொட்டிகள் வைத்து மூன்று மாதங்கள் ஆகின்றன. காலைக் கூட்டத்தில் விளக்கினோம், சுவரொட்டிகளும் ஒட்டினோம். தேர்வில் கேட்டால் எல்லாரும் சரியாகவே எழுதுகிறார்கள். ஆனால் இடைவேளைக்குப் பின் பார்த்தால் பழத்தோலும் பிளாஸ்டிக் உறையும் பென்சில் சீவலும் ஒரே தொட்டியில் கிடக்கின்றன. தண்டிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
பிரித்துப் போட்ட குப்பை மாலையில் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் பள்ளியில் இரு தொட்டிகளையும் ஒரே சாக்கில் கொட்டி வந்தார்கள். அதைத் தினமும் கண்ட பிள்ளைகள், பிரிப்பதில் பயனில்லை என்று தாங்களாகவே முடிவுக்கு வந்துவிட்டிருந்தார்கள். இதில் தூய்மைப் பணியாளர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் அவர்களுக்குத் தனிச் சாக்கும் தனி இடமும் நாங்கள்தான் கொடுக்கவில்லை. அதைச் சரிசெய்த பிறகே எங்கள் சொல்லுக்கு மதிப்பு வந்தது.

மறுமொழி 2 (அறிவியல் ஆசிரியர்):
மேலே சொன்னதோடு, ஒரு வாரம் குப்பையை எடைபோடச் செய்யுங்கள். கையுறை அணிந்து, உணவுக் கழிவு, தாள், பிளாஸ்டிக் எனப் பிரித்து, ஒவ்வொன்றின் எடையையும் மாணவர்களே கரும்பலகையில் எழுதட்டும். உடைந்த கண்ணாடி, பழைய பேட்டரி, பயன்படுத்திய நாப்கின் ஆகியவற்றை அவர்கள் தொடவே கூடாது. அவற்றுக்கு மூடியுள்ள தனித் தொட்டிகள் தேவை. குழம்பு படிந்த தாள் மறுசுழற்சிக்கு உதவாது என்பதையும், உள்ளே வெள்ளிபோல் மின்னும் தின்பண்ட உறை பல அடுக்குகள் ஒட்டியதாக இருப்பதால் அதை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம் என்பதையும் கையில் எடுத்துப் பார்க்கும்போதுதான் அவர்கள் உணர்கிறார்கள். அந்த உறையைக் கொண்டுவராமல் இருப்பதே மேல் என்ற பேச்சை என் வகுப்பில் தொடங்கியது ஒரு மாணவிதான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று மாலை நின்று பார்த்தேன். எங்கள் பள்ளியிலும் ஒரே சாக்குதான். தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன். உரக்குழி ஒன்றும் தொடங்க நினைக்கிறோம், ஆனால் நாற்றம் வருமோ என்று அஞ்சுகிறார்.

மறுமொழி 2:
காற்றுப் புகாமல் ஈரம் தேங்கினால்தான் நாறும். அந்நிலையில் மீத்தேன் வாயுவும் உருவாகும். ஒரு பங்கு உணவுக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு என்ற அளவில் மாற்றி மாற்றி அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வடியக் கூடாது. குவியல் நன்றாக வேலை செய்தால் அதன் நடுப்பகுதி 55 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும். வெப்பமானி வைத்து நாள்தோறும் அளவெடுக்கும் பொறுப்பை ஆறாம் வகுப்பிடமே ஒப்படையுங்கள்.