புதுப்பிப்பு: கழிந்துபோன கரண்ட் பில் பணம் வந்துவிட்டது

அப்பா வீட்டு கரண்ட் பில்லை யுபிஐ செயலி வழியாகக் கட்டினேன், வங்கியில் பணம் கழிந்துவிட்டது, ஆனால் பில் இன்னும் பாக்கி என்றே காட்டுகிறது, மறுபடி கட்டலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் கட்டச் சொன்னீர்கள், மீதிப் பேர் பொறுக்கச் சொன்னீர்கள்.

பொறுத்தேன். பணம் முழுசாகத் திரும்பிவிட்டது.

செயலியின் உதவிப் பகுதியால் பயனில்லை. எதைக் கேட்டாலும் 'உங்கள் பரிவர்த்தனை செயல்பாட்டில் உள்ளது' என்ற ஒரே பாட்டு. வங்கியில் புகார் பதிந்ததுதான் உருப்படியான வேலை. அதற்கு 12 இலக்க யுபிஐ ரெஃபரன்ஸ் எண் வேண்டும். பணம் கழிந்த குறுஞ்செய்தியிலேயே இருக்கும், அழித்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, இப்படி நடுவில் சிக்கும் யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகாரில் இதையும் எழுதினேன்.

ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களோ என்று ஒருவர் பயந்திருந்தார். தமிழ்நாட்டில் ரீடிங் எடுத்ததிலிருந்து 20 நாள் அவகாசம் உண்டு, அதனால் அவசரமே இல்லை. பணம் வந்ததும் மின்வாரியத் தளத்திலேயே நேராகக் கட்டி, ரசீதையும் இறக்கிக்கொண்டேன். அப்பாவுக்கு அது போதவில்லை. அச்செடுத்து, ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையோடு பின் அடித்து வைத்த பிறகுதான் 'சரி, கட்டியாச்சு' என்றார்.

இழப்பீடு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை, கெடுவுக்குள்ளேயே வந்து தொலைத்துவிட்டது.