புதுப்பிப்பு: படகுத் தூண்டில் கணக்கு

'பினாங்கில் படகு எடுத்துத் தூண்டில் போடுவது கட்டுப்படியாகுமா?' என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய்விட்டு வந்தேன். கட்டுப்படியாகாது.

நாலு பேர் பகிர்ந்தும் படகுக்கு ஆளுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்). உயிர் இறால், ஐஸ், அறுந்துபோன தூண்டில் நரம்பு, ஈயக் குண்டு எல்லாம் சேர்த்து இன்னொரு 60. என் பங்குக்கு ஒரு கொடுவாவும் கொஞ்சம் கெளுத்தியும். அந்தக் காசுக்கு மார்க்கெட்டில் வீட்டுக்கே ஒரு வாரத்துக்கு மீன் வாங்கலாம்.

நாள் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் பலம். பாலத் தூண் ஓரம் ஈயம் தரையில் நிற்கவே நிற்காது. அஷ்டமி பக்கம் ஓட்டம் தணியும். (அம்மாவுக்கு அஷ்டமியில் கிளம்பினால் ஆகாது, அது தனிக் கதை.) அன்றும் வெகுநேரம் சும்மா கிடந்துவிட்டு, தண்ணீர் திரும்பும் நேரத்தில்தான் கொடுவா இழுத்தது. அந்த முதல் இழுப்புக்கு 180 வெள்ளி கொடுக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்காரிக்குத் தோன்றவில்லை.

சால்மன் பற்றி எழுதிய வான்கூவர் அண்ணனுக்கு: உங்கள் செலவு வேறு ரகம். கடலில் பிடிக்க லைசென்ஸ், சால்மனை வீட்டுக்குக் கொண்டுபோக அதில் தனி ஸ்டாம்ப் (கூடுதல் அனுமதி), அப்புறம் ஒரு நாளைக்கு எத்தனை மீன் என்ற வரம்பு, மீனின் அளவுக்கு ஒரு வரம்பு. ஆற்றில் ஏறிவிட்டால் சால்மன் இரை எடுப்பதையும் நிறுத்திவிடும்; அதைத் தூண்டிலில் கடிக்க வைக்கிறீர்களே, அதற்கே பாராட்டு.

அடுத்த அஷ்டமிக்கு ஒரு இடம் காலி. வருகிறவர்கள் சொல்லுங்கள், வாந்தி மாத்திரை உங்கள் செலவு.