தர்மபுரி பக்கம் பொட்டல்காட்டுப் பறவைகள் பார்க்க எந்த வழி?

கேள்வி: ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறு காரில் கிளம்பலாம் என்றிருக்கிறோம். ஏரிப் பறவைகள் நிறைய பார்த்தாயிற்று, இந்த முறை மானாவாரிக் காடு, கரடு, பொட்டலில் இருப்பவைதான் வேண்டும். எந்தப் பக்கம் போகலாம்?

பதில்: பென்னாகரம் ரோட்டைப் பிடியுங்கள், ஆனால் ஒகேனக்கல் போய்ச் சேரும் அவசரத்தில் ஓட்டாதீர்கள். அறுவடை முடிந்த கேழ்வரகுக் காட்டை ஒட்டி நிறுத்திக் கரண்ட் கம்பியைப் பாருங்கள், பனங்காடை உட்கார்ந்திருக்கும், சும்மா இருக்கும்போது மங்கலாகத்தான் தெரியும், இறக்கையை விரித்ததும் அந்த நீலம் அப்படியே அள்ளும். தரையில் கௌதாரி, மஞ்சள்மூக்கு ஆள்காட்டி. குளிர்காலம் என்பதால் வலசை வரும் பூனைப்பருந்தும் தாழப் பறக்கலாம்.

பதில்: கிருஷ்ணகிரி பக்கப் பாறைக் கரடுகளையும் விட்டுவிடாதீர்கள் அண்ணா. மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவுக்கே உரியது, பாறையும் புதருமான சரிவுதான் அதற்குப் பிடித்த இடம். விடியற்காலையில் போங்கள். அஞ்செட்டி வரை போனால் யானை நடமாட்டம் உண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள்.

பதில்: அப்புறம், கோடையில் மறுபடி வந்தால் தயவுசெய்து வண்டியைப் பொட்டலுக்குள் இறக்காதீர்கள். ஆள்காட்டி வெறுந்தரையில்தான் முட்டையிடும், பக்கத்தில் நின்றாலும் கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் வந்த வழியே பின்வாங்கிவிடுங்கள்.